மிசின்ல இருக்கறேன்

எங்கள் பக்கத்தில் கரண்ட் என்றால் அடிக்க வேண்டும். அடிக்காத கரண்டை யாரும் மதிப்பதில்லை.

நாமக்கல்லில் நான் வேலை பார்க்கிற பிசியோதெரபி கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் லாரிக்காரர்கள். மீதிப் பேர் கோழிப்பண்ணைக்காரர்கள். இடுப்பு வலி, கழுத்து வலி என்று வந்து குப்புறப் படுப்பார்கள். பட்டையை ஒட்டி வழக்கமான வலி மிசினைப் போட்டால், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

"எப்படி இருக்குதுங்க?" என்று கேட்பேன்.

"ஊருதுங்க. ஆனாப் பத்தலைங்க டாக்டரே. இன்னுங் கொஞ்சம் ஏத்துங்க. லோடு அடிச்ச ஒடம்பு, தாங்கும்."

"நான் டாக்டர் இல்லிங்க, பிசியோ."

"அட, ஊசி குடுக்கறவரு டாக்டருன்னா கரண்டு குடுக்கறவரும் டாக்டருதானுங்களே. ஏத்துங்க."

இப்படி ஏத்தச் சொல்கிறவர்கள் நடுவில்தான், உடம்புக்கே தெரியாத கரண்ட் தருகிற சின்ன மிசின் ஒன்றை நான் வாங்கினேன். பழைய பட்டன் போன் அளவுதான் இருக்கும். பேட்டரியில் ஓடும். இரண்டு ஒயர், ஒவ்வொன்றின் முனையிலும் இரண்டு ஒட்டுப்பட்டை. ஒரு ஆம்பியரைப் பத்து லட்சம் பங்காகப் போட்டு, அதில் சில பங்குகளை மட்டும் எடுத்துத் தருகிற மாதிரி அதன் கரண்ட். தோலில் ஒன்றும் உறைக்காது. நாள்பட்ட வலிக்கும், காரணம் பிடிபடாத அசதிக்கும் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. ஏன் என்று முழுசாகத் தெரியாது. எனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். நானும் நோயாளிகளிடம் அவ்வளவுதான் சொல்வேன்.

ஆனால் அந்த மிசினை வாங்கியது நோயாளிகளுக்காக இல்லை. என் அக்காவுக்காக.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது வெண்ணந்தூரைத் தாண்டி ஒரு கோழிப்பண்ணை வீட்டில். சின்னப் பண்ணை. மச்சான் பகலில் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் ஒயரிங் வேலை பார்ப்பார். பண்ணை அக்காவும் அவள் மாமியாரும் பார்த்துக்கொள்வது. தீனி போடுவது, தண்ணீர்க் குழாய் கழுவுவது, முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவது, உடைசல் பிரிப்பது. அக்கா அதில் சலித்து நான் பார்த்ததில்லை. நடையே ஓட்டமாக இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அந்த ஊரே சிக்குன்குனியாவில் படுத்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அக்கா மட்டும் எழுந்த மாதிரி எழுந்து, முழுசாக எழவில்லை. தோள், முழங்கை, இடுப்பு என்று வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது. வலியைவிட அசதிதான் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியது. தலை சீவக் கையைத் தூக்கினால் பாதியில் கை இறங்கிவிடும். தூங்கி எழுந்தாலும் மூட்டை சுமந்தவள் மாதிரி எழுவாள்.

சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஒன்னும் இல்லம்மா" என்றார்கள். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் ஒன்றும் இல்லை என்கிற அந்தச் சொல் அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஒன்னும் இல்லீன்னு பெரிய டாக்டரே சொல்லிப்போட்டாரு. அப்புறம் ஏன் இவ செவுத்தப் புடிச்சுட்டு நிக்கறா?" மாமியார் இதை மருமகளிடம் சொல்லவில்லை. கோழியிடம் சொன்னாள். தீனித் தொட்டியில் தீனியைக் கொட்டிக்கொண்டே, ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டியது நான் ஒருத்தன்தான். அப்பா மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டோடு நின்றார், அம்மாவுக்குக் கையெழுத்தும் வராது, அக்கா அஞ்சாவதோடு நின்றாள். அதனால் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் "தம்பி படிச்சிருக்கறான், அவனக் கேளு" என்பார்கள். கேட்டால் பதில் இருக்க வேண்டும். வலிக்கான படிப்பையே படித்துவிட்டு, சொந்த அக்காவின் வலிக்குப் பதில் இல்லாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். பொண்ணு வீடு ஜேடர்பாளையத்துப் பக்கம். தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தார்கள். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முந்தி, மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் அவனுக்குப் பக்கத்தில் நின்று செய்கிற சீர். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவள் கையில். பேழைமூடி என்கிற மூடி போட்ட மூங்கில் கூடையைச் சுமந்துகொண்டு அவள் நிற்க வேண்டும். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, முடிகிற வரைக்கும் உட்காரக் கூடாது. கல்யாணம் முடிந்து வேறொருத்தி வந்தாலும் கூடப் பிறந்தவளுக்கு இந்த வீட்டில் இடம் இருக்கிறது என்று சபைக்குச் சொல்கிற சீர் அது. எனக்கு இருப்பது ஒரே அக்கா.

நிச்சயம் முடிந்த மறுநாள், எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏஞ்சாமி, இணைச்சீருக்குச் சித்தப்பா மகள நிக்க வெச்சுக்கலாமா? அவளும் உனக்கு அக்கா மொறைதான்."

அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மகள் அத்தனை பேருக்கு முன்னால் தள்ளாடி விழுந்துவிடுவாளோ என்று பயம். நான் பதில் சொல்வதற்குள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் செத்துப்போயிட்டனாம்மா?"

அவ்வளவுதான் கேட்டாள். கத்தவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எழுந்து கை கழுவக்கூட அக்காவுக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை. நான்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்த் தட்டிலேயே கை கழுவ வைத்தேன்.

"நீதான் நிக்கறக்கா" என்றேன். "நான் நிக்க வெக்கறேன்."

எதை நம்பிச் சொன்னேன் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். அடுத்த வாரமே மிசினை வாங்கினேன்.

முதல் நாள் அக்கா வீட்டுக்கே போய், அவளை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு தோளிலும் பட்டையை ஒட்டி, பட்டனை அமுக்கினேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தாள்.

"போட்டுட்டயா சாமி?"

"ஓடிட்டு இருக்குதுக்கா."

"ஒன்னுந் தெரியலியே."

"தெரியாதுக்கா. அதுதான் இதோட வேலை."

மாமியார் வாசலில் முட்டை அட்டையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "ஒன்னும் இல்லாத சீக்குக்கு ஒன்னும் இல்லாத கரண்டு. சோடி நல்லாத்தான் சேந்திருக்குது" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்து அப்போது ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மச்சான் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் டெஸ்ட் லாம்பை எடுத்தார். லாரி ஒயரிங் பார்க்கிறவர்கள் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். எதில் வைத்தாலும் பல்பு எரிந்தால் கரண்ட் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. அவருடைய உலகத்தில் இதற்கு மேல் கேள்வி கிடையாது. ஒரு தோளின் பட்டை இரண்டிலும் லாம்பின் ஒயரை வைத்தார். பல்பு எரியவில்லை. மாற்றி வைத்தார். எரியவில்லை.

"மாப்ள, உன்னைய நல்லா ஏமாத்திப்போட்டாங்க. இது டப்பா."

"மச்சான், அந்தப் பல்பு எரியற அளவுக்குக் கரண்ட் விட்டா அக்கா குதிச்சுக் கூரையில ஒட்டிக்கும். இது அதுல துளியூண்டுகூட இல்ல."

"துளியூண்டுகூட இல்லாத கரண்ட எதுக்கு மாப்ள ஒயரு போட்டு இளுக்கோணும்?"

அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர் மிசினைப் பிடுங்கி வைக்கவில்லை. "போட்டுக்கட்டும். ஆகாதுன்னாலும் கெடுதல் இல்லீல்ல?" என்றார். கெடுதல் இல்லை. மற்றபடி இதயத்தில் மிசின் வைத்தவர்கள், வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் தொடக் கூடாது. அதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா மிசினைப் போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. பட்டை ஒட்டுவதை மச்சான் பழகிக்கொண்டார். அவர் இல்லாத நாளில் மாமியாரே ஒட்டிவிடுவாள், முணுமுணுத்துக்கொண்டேதான். ஞாயிற்றுக்கிழமை நான் போவேன்.

கொஞ்ச நாளில் அக்காவின் குரல் போனில் மாறியது. "சாமி, இன்னைக்கு வலது தோளு லேசா இருக்குது" என்றாள். இன்னொரு நாள், "தலை சீவிச் சடை போட்டுக்கிட்டேன்" என்றாள். நான் கிளினிக்கில் நின்றுகொண்டு, படுத்திருந்த லாரிக்காரரை மறந்து, "சபாஷ்க்கா" என்று கத்திவிட்டேன். அவர் குப்புறப் படுத்தபடியே, "ஏனுங்க, பையன் பாஸாயிட்டானுங்களா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு நாள்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. காலையில் அக்கா எழுந்தபோது வலி இல்லை. எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் வலி இல்லாத ஒரு நாள் கிடைத்தால் என்ன செய்வார்களோ அதைத்தான் அவளும் செய்தாள். பாக்கி கிடந்த வேலையை எல்லாம் அன்றைக்கே எடுத்தாள். ஷெட்டைக் கழுவினாள், தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்தாள், பரணில் கிடந்த பழைய அட்டைகளை இறக்கி வெயிலில் போட்டாள், சாயங்காலம் ஒறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்ததற்கு இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்தாள். மாமியாருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, மனசு வெச்சா முடியுதல்ல?"

மறுநாள் அவளால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. அதற்கு மறுநாளும் முடியவில்லை. நான் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"சித்தப்பா மகளயே நிக்கச் சொல்லிரு சாமி."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. நல்லாகிவிட்டது என்பதற்கு எங்களிடம் இருக்கிற ஒரே அளவுகோல் வேலைதான் என்பதன் மேல். உடம்பு கொஞ்சம் கொடுத்தால் அதை உடம்புக்கே விட்டு வைக்கத் தெரியாத ஆட்கள் நாங்கள். நானும் அப்படித்தான். படிக்கிற காலத்தில் காய்ச்சல் விட்ட அன்றைக்கே கிழங்குக் காட்டுக்குப் போனவன்.

பாடத்தில் இருந்த வார்த்தைகள் எதுவும் அவளிடம் எடுபடாது என்று தெரிந்தது. அப்போது ஷெட்டில் லைட் எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, முட்டைக்கு வர்ற பருவத்துக் கோழிக்கு லைட் எப்படிக் கூட்டுவ?"

"அதுக்கென்ன இப்ப?"

"சொல்லு."

"லைட் எரியற நேரத்த வாரத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் கூட்டோணும்."

"ஒரேயடியாக் கூட்டுனா?"

"ஒடம்பு தயாராகறதுக்குள்ள முட்டை வந்துரும். குடல் தள்ளிட்டுச் செத்துப்போயிரும்." சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்னையக் கோழிங்கறயா?"

"கோழிக்குக் காட்டற பொறுமைய உனக்குக் காட்டுன்னுதான் சொல்றேன்."

கட்டிலில் இருந்தபடியே கையிலிருந்த துண்டை என் மேல் வீசினாள். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. அன்றைக்கே ஒரு முறை வகுத்தோம். நிற்பதைப் பழகுவது. முதலில் பால் காய்கிற நேரம் மட்டும். அது சுலபமான பிறகு கொஞ்சம் கூட்டுவது. நல்ல நாளானாலும் குறித்ததற்கு மேல் நிற்கக் கூடாது, கெட்ட நாளானாலும் கொஞ்சமாவது நிற்க வேண்டும். மதியத்தில் மிசின். வேலை பாக்கி கிடந்தால் கிடக்கட்டும். இதில் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது நல்ல நாளில் நிறுத்திக்கொள்வதுதான். "இன்னும் நிப்பேன் போலிருக்குதே" என்பாள். "லைட் அணைச்சாச்சுக்கா" என்பேன்.

கார்த்திகை முடிந்து மார்கழி வந்தது. அக்கா நிற்கிற நேரம் கூடிக்கொண்டே வந்தது. அம்மா சித்தப்பா மகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஆனால் முடிவாக எதுவும் சொல்லவும் இல்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மச்சான் கூடத்தில் மிசினைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். பட்டறையிலிருந்து டிஜிட்டல் மீட்டர் கொண்டுவந்திருந்தார். டெஸ்ட் லாம்ப் காட்டாததை இது காட்டுமா என்று பார்க்கிற ஆர்வம்.

"மாப்ள, இங்க வா."

இடது ஒயரில் மீட்டரை வைத்தார். மீட்டர் கூவியது, கம்பி முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். வலது ஒயரில் வைத்தார். சத்தம் இல்லை. ஒயரைப் பிடித்து வளைத்தார், ஒரு கூவல். விட்டார், நின்றது. பிளக்குக்குப் பக்கத்தில் தோலைப் பிளேடால் சீவிக் காட்டினார். உள்ளே கம்பி அறுந்து, அறுந்த இடம் பச்சை பூத்திருந்தது.

"இது நேத்து அத்ததில்ல. எப்பவோ அத்துப்போச்சு." குரலைத் தாழ்த்தினார். "வலது தோளுக்கு இத்தன நாளாக் கரண்டே போகல மாப்ள. அந்தத் தோளுதான மொதல்ல நல்லாச்சுன்னு சொன்னா?"

எனக்குப் பயம் வந்தது. மிசின் பொய்யாகிவிட்டதே என்பதற்காக இல்லை. வாசலில் மாமியார் உடைசல் முட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். கரண்டே இல்லாமல் நல்லாயிற்று என்று அவள் காதில் விழுந்தால், வலியே இல்லாமல் படுத்திருந்தாள் என்பதாக அது ஷெட் முழுக்கப் பரவும். கல்யாண வீடு வரைக்கும் வரும். இத்தனை நாள் கஷ்டப்பட்டு அக்கா சேர்த்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும்.

திரும்பினால் சமையலறை நிலைப்படியில் அக்கா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அப்ப எனக்கு நோவு இருந்ததே பொய்யா சாமி?"

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் யோசிக்கவில்லை. "நோவு நெசம்க்கா. கொறைஞ்சதும் நெசம். அந்தத் தோளுல கொறைச்சது இந்த ஒயரு இல்ல, அவ்வளவுதான்."

"அப்ப எது?"

மச்சானும் என்னைப் பார்த்தார். நான் பதிலைக் கோர்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

"இதப் போட்டுட்டு உக்காந்தா ஆரும் என்னையக் கூப்புடறதில்ல. அத்தை கூப்புட்டாக்கூட 'மிசின்ல இருக்கறேன்'னு சொன்னாச் சரின்னு போயிர்றாங்க. சும்மா உக்காந்தா உக்கார உடுவாங்களா? எனக்கே உக்காரத் தோணாது. ஒயரு இருந்தா, எந்திரிச்சா அறுந்துருமேன்னு உக்காந்திருப்பேன். கண்ணைக்கூட மூடிக்குவேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மிசின் இல்லாமல் பகலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பிடுவதுகூட அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடிதான். ஓய்வு என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்த வீட்டில் யாரும் மதித்திருக்க மாட்டார்கள், அவளும்தான். ஒயர் போட்ட ஓய்வை எல்லோரும் மதித்தார்கள்.

மிசினில் ஒன்றும் இல்லை என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். இடது தோளில் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதுவும் நல்லாகிக்கொண்டுதான் வந்தது. எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் எல்லாம் சேர்ந்து வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். வேலை செய்கிற ஒன்றை நடுவில் கலைக்கக் கூடாது என்றும் தெரியும்.

"என்னடா அங்க குசுகுசுன்னு?" மாமியார் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டறையில் பேசுகிற குரலில் சொன்னார்:

"ஒயரு ஒன்னு விட்டுப்போச்சும்மா. புதுசு போடோணும். அதனால இவளுக்குப் பாதிக் கரண்டுதான் ஏறியிருக்குதாமா. இனிமே காலையிலயும் சித்த நேரம் சேத்து உக்காரோணும்னு மாப்ள சொல்றான்."

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதைவிட நல்ல சிகிச்சையை நானும் யோசித்திருக்க முடியாது. தலையை ஆட்டினேன்.

"பாதிக் கரண்டுலயே சந்தகை புழிஞ்சாளா?" மாமியார் கையிலிருந்த முட்டையை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தபடி சொன்னாள். "அப்ப உக்காரட்டும். காலைல அட்டைய நானே அடுக்கிக்கறேன். என்ற தலையெளுத்து."

அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை. மச்சான் பட்டறையிலிருந்து புது ஒயர் கொண்டுவந்து, பழையதைவிட நீளமாகவே போட்டுக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாளே மண்டபத்துக்குப் போனோம். கல்யாண மண்டபம் என்பது அக்கா மாதிரி ஆளுக்கு ஆபத்தான இடம். ஆளாளுக்கு ஒரு வேலை சொல்வார்கள், சொல்லாவிட்டாலும் இவளே எடுப்பாள். அதனால் மாடி அறையில் அவளுக்கு நாற்காலி போட்டு மிசினை மாட்டி உட்கார வைத்துவிட்டேன். பூக்கட்ட ஆள் தேடி வந்த பெரியம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, தம்பி கல்யாணத்துல வந்து குந்தியிருக்கற?"

"மிசின்ல இருக்கறேன் பெரியம்மா."

பெரியம்மா மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

விடியும்போது மேடைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா கடைசி வரைக்கும் சித்தப்பா மகளையும் பட்டுச்சேலை கட்டச் சொல்லித் தயாராக வைத்திருந்தாள். அந்தப் பொண்ணு, "எனக்கு வேலை வராது பாருங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, தலைக்கு வைத்த பூவைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நின்றுகொண்டாள்.

அக்கா மேடை ஏறினாள். கூறைச்சேலையின் தலைப்பை அருமைக்காரர் என் கையில் ஒன்றும் அவள் கையில் ஒன்றுமாகக் கொடுத்தார். பேழைமூடியை வாங்கிக்கொண்டாள். என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. நேராகப் பார்த்து நிற்க வேண்டும். கையில் இருந்த சேலைதான் எனக்குத் துணை. அவள் தளர்ந்தால் அது தொய்யும், சாய்ந்தால் இழுக்கும். அருமைக்காரர் நிதானமான மனுசன். ஒன்றையும் விடாமல் ஒவ்வொன்றாகச் செய்தார். ஓரிடத்தில் சேலை லேசாக நடுங்கியது.

"அக்கா?" என்றேன், உதடு அசையாமல்.

"நேராப் பாருடா. லைட்டு இன்னும் அணையல."

நடுக்கம் நின்றது. சேலை தொய்யாமல், இழுக்காமல், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அப்படியே இருந்தது. அருமைக்காரர் முடித்து, வாழ்த்தி, பேழைமூடியை அவளிடமிருந்து வாங்கினார். கீழே அம்மா இரண்டு கையையும் கூப்பியபடி நின்றாள். யாரைக் கும்பிட்டாள் என்று தெரியவில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் அக்கா ஓடியிருப்பாள், பந்திக்கோ பாத்திரத்துக்கோ. அன்றைக்கு மேடையை விட்டு இறங்கி, நடுக்கூடத்தில், அத்தனை ஒறம்பரைக்கும் முன்னால் நின்று, சத்தமாகவே கேட்டாள்.

"ஆராச்சும் ஒரு சேரு போடுங்க."

போட்டது மாமியார். இரண்டு பேரை விலக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தாள். "தள்ளுங்க, தள்ளுங்க, மிசின்ல இருக்கற புள்ள." நாற்காலியைப் போட்டு அக்காவை உட்கார வைத்துவிட்டு, அங்கும் இங்கும் தேடினாள்.

"மிசினு எங்கடி? நான் போய் எடுத்துட்டு வரட்டா?"

அக்கா நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

"வேண்டாங்க அத்தை. இன்னைக்குச் சும்மாதான் உக்காந்திருக்கறேன்."